பாரதி பாட்டை அச்சிட்டுக் கொடுத்த வழக்கறிஞர்



பெற்றோர் சந்திப்பு நாள்களில் எனக்குப் பழகிப்போன கேள்வி ஒன்றுண்டு. பிள்ளை சட்டம் படிக்க வேண்டும், அல்லது ஷென்டன் வேயில் ஒரு வங்கியில் அமர வேண்டும். அதற்குத் தமிழ் எதற்கு? தமிழால் வேலை கிடைக்கும் என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். வழக்கறிஞரும் வங்கியாளரும் தமிழுக்கு என்ன செய்ய முடியும்?

இதற்கு விடையாக வாழ்ந்தவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். 1863இல் தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் பிறந்தவர். சென்னை உயர்நீதிமன்றத்தின் பெயர்பெற்ற வழக்கறிஞர். காங்கிரஸ் மிதவாதிகளுள் முன்னணியில் நின்றவர். 1909இல் நீதிபதியானார். 1911இல் ஆளுநரின் நிர்வாக சபைக்குச் சென்றார். அவ்வாண்டு டிசம்பரிலேயே, நாற்பத்தெட்டு வயதில், மறைந்தார். பதவிப் பட்டியலை இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். சொல்ல வந்தது வேறு.

1906 அக்டோபர் 22ஆம் நாள் சென்னையின் மிகப் பெரிய ஆங்கிலேய வணிக நிறுவனங்களுள் ஒன்றான அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. ஓய்வுபெற்றோர், விதவைகள், சிறு வணிகர் எனப் பலரும் தம் சேமிப்பை நம்பி ஒப்படைத்திருந்த இடம் அது. வெள்ளைக்காரர் நிறுவனம், கவிழாது என்ற நம்பிக்கை ஒரே நாளில் பொய்த்தது. பணத்தை இழந்தோருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர்களுள் கிருஷ்ணசாமி ஐயர் முதன்மையானவர். நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குச் சென்றார். வழக்கோடு ஐயர் ஓய்ந்துவிடவில்லை. நம் பணத்தை நாமே காக்க ஒரு வங்கி வேண்டும் என்று நகரத்தார் பெருமக்களையும் பிறரையும் ஒன்றுசேர்த்தார். 1907 ஆகஸ்ட் 15ஆம் நாள் இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கியது.

நம் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்திய நகரத்தாரின் உறவினரும் ஊராரும் அந்த முயற்சியில் இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அவ்வங்கி 1941இல் சிங்கப்பூரிலும் கிளை திறந்தது. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் போகும்போது அதன் பெயர்ப்பலகையைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

அதே 1907இல் நடந்த இன்னொன்றுதான் தமிழாசிரியனாகிய என்னை இவரிடம் ஈர்த்தது. அப்போது சுப்பிரமணிய பாரதிக்கு இருபத்தைந்து வயதுகூட நிறையவில்லை. தீவிரவாத அணியைச் சேர்ந்தவர். 'இந்தியா' இதழில் மிதவாதிகளைச் சாடிக்கொண்டிருந்தவர். அந்தச் சாட்டையடிக்குக் கிருஷ்ணசாமி ஐயரும் தப்பவில்லை. பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் பாரதியை ஐயரிடம் அழைத்துச் சென்றார். பாரதி தம் தேசியப் பாடல்களைப் பாடினார். கேட்ட ஐயர் உருகிப்போனார். அப்பாடல்களுள் சிலவற்றைத் தம் செலவில் சிறு வெளியீடாக 15,000 படிகள் அச்சிட்டுப் பள்ளிகளுக்கு இலவசமாக வழங்கச் செய்தார். பாரதியின் முதல் கவிதை நூலான 'ஸ்வதேச கீதங்கள்' மறு ஆண்டுதான் வெளிவந்தது. ஆக, பாரதி முதலில் பரவலாகச் சென்று சேர்ந்த வாசகர் கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். அதற்குப் பணம் கொடுத்தவர் அவருடைய அரசியல் எதிரணித் தலைவர்!

ஐயரைப் புகழ்ந்தே எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆங்கிலேய ஆட்சி அளித்த பதவிகளை அவர் ஏற்றார். 1906இல் சென்னையில் வடமொழிக் கல்லூரியை நிறுவியவர் தமிழுக்கு அப்படியொன்று அமைக்கவில்லையே என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆனால் தம்மை ஏசியவனின் பாட்டையும், நல்ல பாட்டு என்பதற்காகவே, காசு கொடுத்துப் பரப்பிய நெஞ்சு எத்தனை பேருக்கு வாய்க்கும்? நம் சங்கங்களிலே ஒருவர் மேடையில் மற்றவர் ஏறத் தயங்குவதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிதாகவே படுகிறது.

கொடுப்பதற்குப் பெரும் வழக்கறிஞராகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. தஞ்சோங் பகாரில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை 1946இல் தொடங்கியவர்கள் கடையநல்லூரிலிருந்து வந்த உழைப்பாளி மக்கள். 1982 வரை அது நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வேரூன்றக் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது எளிய தொழிலாளர்கள் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். இன்று பாடநூலும் பள்ளியும் அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. இது நமக்குக் கிடைத்த பேறு. ஆனால் 'எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று நம் கை மடங்கிவிட்டதே, அதுதான் என் கவலை.

ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும்; பாரதி பாடல் போட்டிகளும் வரும். ஆசிரிய நண்பர்களே, பாடலைப் பயிற்றும்போது அதை அச்சிட்டுக் கொடுத்தவரின் கதையையும் ஐந்து நிமிடம் சொல்லுங்கள். சட்டத்திலும் வங்கியிலும் பணியாற்றும் பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உயர்நிலைப் பிள்ளைகள் எழுதும் தமிழ்க் கதைகளுள் நல்லவை பத்தைத் தேர்ந்து தட்டச்சு செய்து தருகிறோம்; பிழை திருத்துவதும் எங்கள் பொறுப்பு. இருநூறு படிகள் அச்சிடும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு அவற்றை இலவசமாகக் கொடுப்போம்.