திகதி தெரிஞ்சுது, விலை?

2024 ஆகஸ்டில் ஒயாசிஸ் திரும்பச் சேருதாம் எண்டவுடன் ரசிகர்கள் திகதியையும் மைதானத்தையும் ஊகிக்கத் தொடங்கினார்கள். 15 வருசம் காத்திருந்த சனம். அந்த ஆசையை நாங்கள் நக்கலடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஊகமும் காசில்லாத விளம்பரம். ஆகஸ்ட் 31, இணைய வரிசையில் மணிக்கணக்காய்க் காத்திருந்தவர்களுக்கு, 150 பவுணளவில் இருந்த ரிக்கெற் 355 ஆகிக் கிடந்தது. கிராக்கிக்கு ஏற்ற விலையாம்! அந்தக் கிராக்கியை ஆர் உண்டாக்கினது? ரசிகர்களாகிய நாங்கள்தானே?

சனம் கத்தின பிறகு, வட அமெரிக்கக் கச்சேரிகளுக்கு அந்த முறை இல்லை எண்டு அறிவிச்சார்கள். ஆகவே கேட்டால் நடக்கும். இனி எந்தக் குழுவிடமும் "எப்ப வாறீங்கள்?" எண்டு கேட்க முதல், "என்ன விலை, கடைசிவரை அதே விலைதானோ?" எண்டு கேட்போம்.