ராம்ரீயின் முதலைகளும் படகு மாலுமிகளும்

இரண்டாம் உலகப் போர் குறித்த காணொலிகளில் ஒரு கதை ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1945 பிப்ரவரி 19 இரவு, பர்மாவின் அரக்கான் கரையை ஒட்டிய ராம்ரீத் தீவில், அலையாத்திக் காட்டுக்குள் பின்வாங்கிய ஏறத்தாழ ஆயிரம் ஜப்பானிய வீரர்களை உவர்நீர் முதலைகள் தின்று தீர்த்தனவாம். விடிந்தபோது இருபது பேரே உயிரோடு எஞ்சினராம். புரூஸ் ரைட் என்னும் கனடிய இயற்கையியலாளர் 1962இல் வெளியிட்ட நூலின் வழியே பரவிய கதை இது. கின்னஸ் சாதனை நூல் வரைக்கும் போயிற்று. பிறகு அத்தீவு முதியவர்களைக் கேட்டறிந்த ஆய்வாளர்கள் 2001இல் இதை மறுத்து எழுதினர். முதலைக்கு இரையானோர் சிலர் இருக்கலாம். பெரும்பாலோரைக் கொன்றவை தாகம், நோய், குண்டு, வெள்ளம். கணிசமானோர் கழிகளைக் கடந்து தப்பியும் போயினர். ரைட் அன்றிரவு அங்கே இருந்தாரா என்று ஐயுறுவோரும் உண்டு.

கதை மெய்யா பொய்யா என்பதை விலங்கியலாளர்களுக்கு விட்டுவிடுகிறேன். என்னை உறுத்துவது வேறொன்று. அந்தக் கதைக்கு ரைட் நிறுத்தும் சாட்சிகள் யாவர்? உப்பங்கழிகளின் வாயை அடைத்து நின்ற ரோந்துப் படகுகளின் மாலுமிகள். இருளில் அவர்கள் காதில் விழுந்த ஓலமே அவருக்குச் சான்று. அறுபது ஆண்டுகளாக உலகம் அந்த ஓலத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அதைக் கேட்டதாகச் சொல்லப்படும் காதுகள் யாருடையவை என்று கேட்பதில்லை. அரக்கான் கரையில் இயங்கிய படகணிகளுள் பிரிட்டிஷாரும் பர்மியத் தன்னார்வக் கடற்படையினரும் இருந்தனர். இந்தியக் கடற்படையின் 55ஆம், 56ஆம் படகணிகளும் இருந்தன. நம்மவர்கள் அங்கே இருந்தார்கள். முதலைகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் நூற்றிலொரு பங்குகூட அவர்களைப் பற்றி நம் மாணவர்களுக்குத் தெரியாது. இதற்கு நம் ஆய்வுத்துறைகளும் பொறுப்பு என்பதே இப்பதிவின் வாதம்.

அண்மையில் ஒரு கருத்தரங்கில் இப்பொருளைப் பற்றிப் பேசியபோது மூத்த பேராசிரியர் ஒருவர் புன்னகையோடு இடைமறித்தார். "படகில் என்ன சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள் என்பதெல்லாம் சுவையான செய்திதான். ஆனால் ஆய்வுக்கு ஒரு கனம் வேண்டாமா?" என்றார். அவையிலும் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பைத்தான் நான் எதிர்க்கிறேன். போர் என்றால் படையெடுப்பு, தளபதி, ஒப்பந்தம். உணவும் உறக்கமும் அதன் ஓரக்குறிப்பு என்னும் பாகுபாடு எங்கிருந்து வந்தது? போர்க்களத்தில் ஒரு மாலுமி சுட்ட நேரத்தை நிமிடங்களில் எண்ணிவிடலாம். எஞ்சிய மாதங்கள் முழுதும் அவன் காத்திருந்தான், சமைத்தான், துடைத்தான், எரிபொருள் நிரப்பினான், காய்ச்சலில் கிடந்தான், கடிதத்தை எதிர்பார்த்தான். அந்த மாதங்களை நீக்கிவிட்டு எழுதப்படுவது போரின் வரலாறு ஆகாது. போரைப் பற்றிய அறிக்கைதான் ஆகும்.

படகையே ஓர் ஆவணமாகப் படித்துப் பாருங்கள். இந்தியப் படகணிகளின் ஃபேர்மைல் வகைப் படகு 112 அடி நீளமும் 18 அடி அகலமும் உடையது. மரத்தால் ஆனது. பம்பாயிலும் கல்கத்தாவிலும்கூட இவ்வகைப் படகுகள் கட்டப்பட்டன. அதற்குள் ஏறத்தாழ பதினாறு பேர். இரண்டு பெட்ரோல் எந்திரங்கள், அவற்றுக்குரிய எரிபொருள் தொட்டிகள், பீரங்கி, குண்டுகள், நீர்மூழ்கிகளைத் தாக்கும் வெடிகலங்கள், குடிநீர், அரிசி, பருப்பு, கம்பியில்லாத் தந்திக் கருவி. இவற்றோடு அந்தப் பதினாறு பேரின் துணிமணியும் தூக்கமும். அடித்தளத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும். ஆகவே அடுப்பு மூட்டுவதும் பீடி பற்றவைப்பதும் அங்கே கட்டளைக்கு உட்பட்ட செயல்கள். பகைவரின் நாட்டுப்படகுகள் இரவில் நகர்ந்தன; ஆகவே இரவு வேலைக்கும் பகல் தூக்கத்துக்கும் ஆயின. மரத்தளம் தகிக்கும் அரக்கான் பகலில் அந்தத் தூக்கம் எத்தகையது என்பதை எந்தக் கட்டளை ஏடும் பதிவதில்லை. சுற்றிலும் நீர், எல்லாம் உப்பு. குடிநீரை அளந்துதான் குடிக்க வேண்டும். ஓதம் வற்றினால் படகு சேற்றில் உட்காரும். ஏறும்வரை அசைய முடியாது. அலையாத்திக் காடு என்றால் கொசு; கொசு என்றால் மலேரியா; மலேரியா என்றால் தோலை மஞ்சளாக்கும் மெப்பக்ரின் மாத்திரை. 1945 ஜனவரி 3இல் அக்யாப், ஜனவரி 21இல் ராம்ரீ என்று நாம் மனப்பாடம் செய்யும் தேதிகளை இந்த உடல்களே தாங்கின.

இதே வாழ்வை அமெரிக்கர் எப்படிப் பாதுகாத்தனர் என்று பாருங்கள். சாலமன் தீவுகளில் ரெண்டோவா முதலிய தளங்களில் இருந்த அவர்களுடைய டார்பிடோ ரோந்துப் படகுகளும் மரப்படகுகளே; இரவு முழுதும் ரோந்து, பகலில் கிளைகளையும் வலைகளையும் போர்த்திய மறைவு, பீப்பாய்களிலிருந்து எரிபொருள் நிரப்புதல், தகர டப்பா இறைச்சி, முட்டைத் தூள், அதே மஞ்சள் மாத்திரை. 1943 ஆகஸ்ட் 2இல் ஜப்பானிய அழிகலம் மோதிப் பிளந்த பி.டி.109 படகின் தலைவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடி. பதின்மூவரில் இருவர் மாண்டனர். 1963இல் அது திரைப்படமாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டே ஒரு தீவுத் தளத்தின் ரோந்துப் படகு மாலுமிகளது அன்றாடக் கூத்துகளை வைத்து 'மெக்ஹேல்ஸ் நேவி' என்னும் நகைச்சுவைத் தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி 1966 வரை ஓடியது. அங்கே சமையலறைச் சண்டைக்கும் ஒரு நாட்டின் நினைவில் இடம் கிடைத்தது.

ஆனால் அந்த நினைவும் எல்லோருக்கும் சமமன்று. கென்னடியின் குழுவைக் கண்டுபிடித்து, தேங்காய் ஓட்டில் கீறிய செய்தியைப் பகைவர் நடமாடும் கடலின் வழியே தோணியில் கொண்டுசேர்த்தவர்கள் பியூகு காசா, எரோனி குமானா என்னும் இரு தீவுவாசிகள். 1961இல் பதவியேற்பு விழாவுக்கு அழைப்பு வந்தும் அவர்கள் வாஷிங்டன் போய்ச் சேரவில்லை. காலனி அதிகாரிகள் தடுத்துவிட்டனர் என்பது பின்னாளில் சொல்லப்பட்ட குறை. தேங்காய் ஓடு கென்னடியின் மேசைமேல் இருந்தது. தூக்கி வந்த கைகள் தீவிலேயே நின்றுவிட்டன. ராம்ரீயில் ஓலம் நின்று காதுகள் மறைந்ததும் இதே கணக்குத்தான்.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இந்தக் கணக்கின் வேரை ஓர் அகராதியில் காண்கிறேன். 1811இல் தாமஸ் ரோபக் ஆங்கில–இந்துஸ்தானிக் கப்பல் சொற்களின் அகராதி ஒன்றை வெளியிட்டார். லஸ்கர் எனப்பட்ட இந்திய மாலுமிகளிடம் ஆங்கில அதிகாரிகள் வேலை வாங்குவதற்கான நூல் அது. பாயை இறக்கு, கயிற்றை இழு, நங்கூரத்தைத் தூக்கு என்பவற்றை எப்படிச் சொல்வது என்று அதில் அறியலாம். இழுத்துக் களைத்தவன் பக்கத்தில் இருந்தவனிடம் என்ன சொன்னான் என்பதை அறிய முடியாது. மேலிருந்து கீழே இறங்கிய மொழி அச்சேறியது; கீழ்த்தளத்துக்குள் புழங்கிய மொழி காற்றோடு போயிற்று. நம் கடல்சார் வரலாற்றின் பெரும்பகுதி இன்றும் ரோபக்கின் அகராதியாகவே எழுதப்படுகிறது. 1964இல் வெளிவந்த காலின்ஸின் அதிகாரபூர்வ வரலாறு கடற்படை எவ்வாறு வளர்ந்தது, கப்பல்கள் எங்கெங்கே சென்றன என்று விரிவாகச் சொல்கிறது. அது மதிப்புள்ள நூல். நானும் அதிலிருந்தே தொடங்கினேன். எனினும் ஏவியவர்களின் குரல் அதில் ஒலிக்கும் அளவுக்கு ஏவப்பட்டவர்களின் பேச்சு ஒலிப்பதில்லை.

போருக்கு முன் பெரும்பாலும் கொங்கணக் கரையிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் ஆள் எடுத்த கடற்படை, போர் விரிந்தபோது சென்னை மாகாணம் உட்படப் பல பகுதிகளிலும் ஆள் திரட்டியது. 112 அடிப் படகொன்றில் தாய்மொழி வேறு வேறான மாலுமிகள் மாதக்கணக்கில் ஒன்றாக உண்டு உறங்கினால் அங்கே எத்தகைய மொழி பிறக்கும்? எந்தச் சொல் கடன் போனது, எது வசையானது, எது வேடிக்கையானது? மொழித்தொடர்பு ஆய்வுக்கு இதனினும் கூர்மையான களம் வேண்டுமா? இதைத்தான் 'கனமற்றது' என்கிறார்கள்.

கனம் எங்கே இருந்தது என்பதை 1946 காட்டிற்று. பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' தகவல்தொடர்புப் பள்ளியின் மாலுமிகள் உணவை மறுத்து எழுந்தனர். சில நாள்களுக்குள் ஏறத்தாழ 78 கப்பல்களுக்கும் 20 கரைத்தளங்களுக்கும் 20,000 மாலுமிகளுக்கும் அது பரவியது. சென்னையின் 'அடையார்' தளமும் விலகி நிற்கவில்லை. அவர்களது கோரிக்கைப் பட்டியலில் இந்திய தேசிய ராணுவக் கைதிகளின் விடுதலையும், இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்பப் பெறுவதும் இருந்தன. அதே பட்டியலில் நல்ல சோறும், பிரிட்டிஷ் மாலுமிக்கு நிகரான ஊதியமும், ஏசிய அதிகாரிமீது நடவடிக்கையும் இருந்தன. இவற்றுள் எது அரசியல், எது அன்றாடம் என்று பிரிக்கும் கத்தி அந்த மாலுமிகளிடம் இல்லை; நம் துறைகளிடம்தான் இருக்கிறது. 'தல்வார்' தளபதி கிங் தங்களைக் 'கூலிகளின் மக்கள்' என்று ஏசியதாக அவர்கள் முறையிட்டனர். உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிக்கும் நம் 'கூலி'யிலிருந்து பிறந்ததென்றே பலரும் கருதும் சொல் அது. பேரரசைச் சுற்றிவிட்டு வசையாக இந்தியத் துறைமுகத்தில் வந்திறங்கியது. சோற்றில் கிடந்த கல்லும் இந்தச் சொல்லும் ஒரே இடத்தில்தான் உறுத்தின.

நாம் அதைக் 'கலகம்' என்கிறோம். மனம் கனிந்தால் 'எழுச்சி' என்கிறோம். கலகம் என்பது தண்டிக்கும் சட்டத்தின் சொல். எழுச்சி என்பது பின்வந்த தேசத்தின் சொல். அவர்கள் தங்கள் அமைப்புக்கு வைத்த பெயர் கடற்படை மைய வேலைநிறுத்தக் குழு. வேலைநிறுத்தம் என்பது பம்பாய் ஆலைத் தொழிலாளரின் சொல். உணவு, ஊதியம், மரியாதை என்னும் அன்றாடத்திலிருந்தே தங்கள் அரசியலை அவர்கள் வரையறுத்துக்கொண்டனர். அந்தப் பெயரை மதிக்காமல் அவர்களை மதிப்பதாகச் சொல்ல இயலாது.

பிரிட்டிஷ் அரசுக்கும் இது விளங்கியது. நீதிபதி பசல் அலி தலைமையில் ஒரு விசாரணை ஆணையம் அமைத்து உணவு, ஊதியம், பதவி உயர்வு, அதிகாரிகளின் நடத்தை ஆகியவற்றைப் பற்றிச் சாட்சியம் திரட்டியது. 400க்கும் மேற்பட்ட மாலுமிகளைப் பணியிலிருந்து நீக்கிய அதே அரசு, அவர்களது சோற்றுத் தட்டை விசாரிக்கத் தக்க பொருளாகக் கருதியது. அன்று ஏகாதிபத்தியம் கனமானது என்று ஒப்புக்கொண்டதை இன்று நம் பல்கலைக்கழகங்கள் சிரித்துக் கடப்பது வெட்கத்துக்குரியது.

இன்னொரு மறுப்பும் உண்டு. "இவர்கள் பேரரசின் ஊதியத்துக்குப் பேரரசின் போரில் நின்றவர்கள், இவர்களை நினைவுகூர்வது காலனியத்தை அழகுபடுத்துவதாகாதா?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி. வீரக்கதையாக எழுதினால் அழகுபடுத்துவதாகும்தான். அன்றாடத்தை எழுதினால் ஆகாது. யாருக்கு என்ன உணவு, யாருக்கு எவ்வளவு ஊதியம், யார் யாரை எப்படி விளித்தார் என்று எழுதப் புகுந்த கணமே பேரரசின் வரிசையமைப்பு வெளிப்பட்டுவிடும். வீரத்தைப் புகழும் கல்வெட்டு அதை மறைக்கும். சமையற்கட்டுக் கணக்கு மறைக்காது.

இறுதியாக நடைமுறைக்கு வருகிறேன். 1945இல் இருபது வயதாயிருந்தவர் இன்று நூறு வயதைத் தாண்டியவர். வாய்மொழி வரலாற்றின் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பவை வீட்டுப் பெட்டிகள்: பணிச் சான்றிதழ், ஓய்வூதிய அட்டை, அஞ்சலட்டை, குழுப்படம். நான் இதை எழுதும் வரதய்யபாளையம் பழவேற்காடு ஏரிக்கு அருகிலுள்ள ஊர். 1960 எல்லை மாற்றத்துக்கு முன் இந்தச் சத்தியவேடு வட்டாரத்தின் பெரும்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பிறகு சித்தூரோடு சேர்ந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டம். இப்பகுதியிலிருந்து அன்று படையில் சேர்ந்த ஒருவரின் ஊர்ப்பெயர் ஆவணத்தில் ஒரு மாவட்டத்திலும், அவர் பேரனின் முகவரி வேறொரு மாநிலத்திலும் இருக்கும். ஆவணம் ஆங்கிலத்தில், வீட்டுப் பேச்சு தமிழில், பேரன் படித்தது தெலுங்கில். இந்த மூன்று மொழிகளுக்கும் இரண்டு மாநிலங்களுக்கும் இடையில்தான் காகிதங்கள் கறையானுக்குப் போகின்றன. எல்லை வட்டார மாணவர்கள் நினைத்தால் இவற்றை மீட்கலாம். இதற்கு நிதிக்குழுவின் அனுமதி வேண்டியதில்லை. கைப்பேசியும் பொறுமையும் போதும்.

வரலாறு, தமிழ், மொழியியல் துறைகளின் ஆய்வு நெறியாளர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை ஒரு மாணவர் வந்து, "ஒரு படகின் சமையற்கட்டைப் பற்றி ஆராய விரும்புகிறேன்" என்றால், தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். சான்று எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். ராம்ரீயின் முதலைகளுக்குப் போதிய ஆய்வாளர்கள் கிடைத்துவிட்டார்கள். மாலுமிகளுக்கு இனிமேல்தான் கிடைக்க வேண்டும்.