கல்லாகும் மூச்சு

இறுகுதல் உலகின் இயல்புகளுள் ஒன்று. உருகிய குழம்பு இறுகிப் பாறையாகிறது. மரம் இறுகிக் கல்லாகிறது. மனித உடலின் மென்மையான உறுப்பும் இறுகுவதுண்டு. இம்மூன்றையும் செஞ்சியை அடுத்த சிங்கவரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் நாம் ஒருசேரக் காணலாம்.

செஞ்சிப் பகுதியின் கருங்கற் குன்றுகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தே மெல்லக் குளிர்ந்து இறுகியவை. அக்கல்லைக் குடைந்தே பல்லவர் காலத்தில் சிங்கவரத்து அரங்கநாதர் குடைவரை எழுந்தது. அருகிலுள்ள திருநாதர் குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் உள்ளன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவை அங்குள்ள கல்வெட்டு இன்றும் காக்கிறது. அவ்வெழுத்தைப் பொறித்தவன் பெயரை மட்டும் நாம் அறியோம்.

செஞ்சி மலைகளில் தோன்றும் சங்கராபரணி ஆறு கிழக்கே திருவக்கரை வழியாகச் செல்கிறது. அங்கே கல்மரங்கள் கிடக்கின்றன. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதையுண்ட மரங்களுள் நீரில் கரைந்த சிலிக்கா புகுந்து படிந்தது. மரத்தின் இழையமைப்பு மாறாமலே மரம் கல்லாயிற்று.

அதே சிலிக்காதான் குவார்ட்சு என்னும் வடிவில் கருங்கல்லில் ஐந்திலொரு பங்கோ அதற்கு மேலோ கலந்துள்ளது. குவாரியில் பாறையைத் துளைக்கும்போதும், கிரஷரில் சல்லி அரைக்கும்போதும் அது கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளாகப் பறக்கிறது. மூச்சோடு உட்சென்ற துகளை நுரையீரலின் காவல் அணுக்கள் விழுங்குகின்றன. செரிக்க இயலாமல் மடிகின்றன. அவ்விடத்தில் தழும்பு நார்கள் பெருகி, பஞ்சு போன்ற நுரையீரல் முடிச்சு முடிச்சாக இறுகுகிறது. இதுவே சிலிக்கோசிஸ். மரம் கல்லாக நெடுங்காலம் ஆயிற்று. மனிதனின் மூச்சு இறுகப் பத்து, இருபது ஆண்டுகளே போதும்!

இறுகிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து இல்லை. காசநோய் எளிதில் பற்றும். காசநோய் என்றே தவறாகக் கருதப்படுவதும் உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் இதனை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் சேர்த்தன. இராசத்தான் அரசு 2019-இல் இந்நோயாளர்க்கென ஒரு கொள்கையையே வகுத்தது.

‘கல் உடைப்பவன் தூசிக்கு அஞ்சலாமா?’ என்பார் உளர். அச்சம் பற்றிய பேச்சன்று இது. தண்ணீர் பற்றிய பேச்சு. துளையிடும்போது நீர் பாய்ச்சினால் தூசி அடங்கும். அரவை எந்திரத்தை மூடி, தக்க முகக்கவசம் தந்து, காலந்தோறும் நெஞ்சுப்படம் எடுத்தால் உயிர்கள் காக்கப்படும். இவற்றுக்காகும் செலவு ஒரு குடும்பத் தலைவனை இழப்பதினும் பெரிதன்று.

தமிழ்த்துறையினர்க்கும் இதில் கடமை உண்டு. கல்வெட்டைப் படிக்கக் கற்பிக்கும் நாம், கல் உடைப்போர்க்குப் புரியும் எளிய தமிழில் இந்நோயின் தன்மையையும் காப்பு முறைகளையும் எழுதித் தரலாகாதா? நாட்டுநலப்பணித் திட்ட முகாமொன்றை இதற்கென ஒதுக்கினால், மாணவர் கற்ற தமிழ் பயனுறும்.

கல்லிலிருந்தும் ஆறுகள் பெருகுவதைச் சுட்டி, இறுகிய உள்ளங்களை எச்சரிக்கிறது திருமறை. உழைப்பவன் நுரையீரல் இறுகுவதைக் கண்டும் வாளாவிருப்போமாயின், இறுகியது நம் நெஞ்சமே அன்றோ?