கத்தரி யார் கையில்?

தோழர்களே, கோவையில் விஸ்காம் படிக்கும் நம் பிள்ளைகள் கேமரா பிடிக்கிறார்கள், கதை எழுதுகிறார்கள், சாதியைப் பற்றித் துணிந்து படம் எடுக்கிறார்கள். ஆனால் எடுத்த ஃபுட்டேஜ் கடைசியில் யாரோ ஒருவரின் கணினிக்குப் போய்விடுகிறது. 'எடிட்டிங் வெறும் டெக்னிக்கல் வேலை, அரசியலை ஸ்கிரிப்டோடு நிறுத்திக்கொள்' என்ற அறிவுரையும் கூடவே வருகிறது. இந்த அறிவுரையை நாம் ஏற்கக் கூடாது.

சோவியத் இயக்குநர் குலெஷோவ் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சோதித்துக் காட்டினார். ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடு ஒட்டினார், இன்னொருமுறை சவப்பெட்டியோடு ஒட்டினார். பார்த்தவர்களுக்கு ஒரே முகம் முதலில் பசியாகவும் பிறகு துக்கமாகவும் தெரிந்தது. ஒரு தூய்மைப் பணியாளர் அம்மாவின் முகத்துக்கு அடுத்துத் துடைப்பத்தை வைத்தால் பரிதாபம். ஆட்சியர் அலுவலகத்தில் அவர் நீட்டும் மனுவை வைத்தால் உரிமை. முகம் மாறவில்லை, ஒட்டிய கை மாறியது. இதுவா வெறும் டெக்னிக்?

சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் நடத்திய ஊர் கோவை. சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் இயங்கிய ஊர். பிறகு 1992-இல் 'சின்ன கவுண்டர்', 1994-இல் 'நாட்டாமை' என்று படங்கள் வரிசை கட்டின. இந்த வகைப் படங்களின் பஞ்சாயத்துக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். தீர்ப்பு சொல்பவருக்கு எத்தனை க்ளோஸப், கைகட்டி நிற்பவருக்கு எத்தனை நொடி என்று எண்ணுங்கள். சாதி வசனத்தில் மட்டும் இல்லை, டைம்லைனிலும் இருக்கிறது.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார், கௌசல்யா படுகாயமடைந்தார். அந்த சிசிடிவி காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஓட்டின. பொறியியல் படித்த, காதலித்து மணந்த ஓர் இளைஞனை வெட்டுப்படும் உடலாக மட்டுமே நாடு நினைவில் வைத்துக்கொண்டது. அதை அப்படி ஓட்டுவதும் ஓர் எடிட்டிங் முடிவுதான். மாணவர் குறும்படங்களும் அதே காட்சியை எடுத்து ஒட்டி, மேலே சோக இசை போடுகின்றன. இனி அது வேண்டாம் என்கிறோம்.

'அப்படியானால் உண்மையை மறைப்பதா?' என்று கேட்பார்கள். சாட்சியம் வேறு, வேடிக்கை வேறு. கோகுல்ராஜ் வழக்கில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில் சிசிடிவி பதிவு முக்கியச் சாட்சியமானது. சாட்சிகள் பிறழ்ந்தபோதும் அது பிறழவில்லை. 2022-இல் யுவராஜுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நீதிமன்றத்துக்கு வெட்டப்படாத பதிவு வேண்டும். பார்வையாளருக்கோ அந்தக் கொலைக்கு முன்னும் பின்னும் இருந்த வாழ்க்கை வேண்டும்.

2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து விழுந்து 17 பேர் இறந்தார்கள். தீண்டாமைச் சுவர் என்று நாம் சொன்னோம், மழை என்று மற்றவர்கள் சொன்னார்கள். இதைப் படமாக்கும்போது 17 பெயர்களையும் தலா மூன்று நொடி திரையில் நிறுத்தினால் 51 நொடி ஆகும். 'இழுவையாக இருக்கிறது, நாலு பெயர் போதும்' என்று ஒருவர் சொல்வார். எந்தப் பதின்மூன்று பேரை எடுப்பது என்று அவரிடமே கேளுங்கள். அந்த 51 நொடியைக் காக்க வேண்டுமானால் மவுஸ் நம் கையில் இருக்க வேண்டும்.

காசு இல்லை என்பது இனித் தடையில்லை. டாவின்சி ரிசால்வுக்கு இலவசப் பதிப்பு உண்டு. கேடென்லைவ் முழுக்க இலவசம், பழைய லேப்டாப்பிலும் முயன்று பார்க்கலாம். முதலில் ரஷ் முழுவதையும் பாருங்கள். எந்த ஷாட்டில் யார் என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதுங்கள். பேட்டி கொடுத்தவரின் வாக்கியத்தைப் பாதியில் வெட்டி வேறு அர்த்தம் கொடுக்காதீர்கள். ரஃப் கட்டை முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள், நடுவர்களுக்குப் பிறகு காட்டலாம். அசல் கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள், அதைத் தொடாதீர்கள். வன்கொடுமை வழக்கில் நாளை அதைக் கேட்பார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் தர வேண்டும்.

நம் கதையை யாரும் நமக்காக எடுக்க வேண்டாம், வெட்டவும் வேண்டாம். விடுதிக்கு ஒருவராவது இந்த விடுமுறையில் எடிட்டிங் கற்றுக்கொள்ளுங்கள். கற்றவர் இன்னும் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள். கற்பி என்று அண்ணல் சொன்னதில் இதுவும் அடக்கம்.

ஜெய்பீம்!