லேபிள் வெட்டிய சட்டைக்கு என்ன குறை?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது ஊர்ப்பக்கம் வழங்கும் பேச்சு. மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழனுக்கு அந்தக் கணக்குச் சற்று மாறிவிடுகிறது. அவன் எந்த ஊர், தகப்பனார் எப்படிப்பட்டவர் என்று கேட்டறிந்து மதிப்பவர் இங்கே யாரும் இல்லை. வேலை கேட்டுப் போகும் இடத்தில் வாசல் காவலாளி முதல் உள்ளே உட்கார்ந்திருக்கும் அதிகாரி வரை எல்லாரும் முதலில் பார்ப்பது சட்டையையும் காலில் கிடப்பதையும்தான். ஹிந்தியும் மராத்தியும் தடுமாறும் வாய் திறப்பதற்குள் உடுப்பு பேசி முடித்துவிடுகிறது.

ஆகவே, தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் செம்பூரிலும் வளரும் பிள்ளைகள் நன்றாக உடுத்த ஆசைப்பட்டால், "பகட்டு" என்று ஒரே சொல்லில் பெரியவர்கள் அதைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. ஆசையில் குற்றம் இல்லை. சட்டையின் தையலைப் பார்க்காமல் காலருக்குள் இருக்கும் பெயரைப் பார்ப்பதும், கொடுக்கும் விலையைப் பார்க்காமல் கிடைக்கும் தள்ளுபடியைப் பார்ப்பதும்தான் கோளாறு. இவ்விரண்டு பழக்கங்களும் ஊருக்குப் போக வேண்டிய பணத்தில் கை வைக்கின்றன.

இரண்டு வகைத் தள்ளுபடி

தள்ளுபடி என்ற சொல்லைத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கியதில் கோ-ஆப்டெக்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. 1935இல் தொடங்கிய அந்தக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், தீபாவளிச் சமயத்தில் 30 சதவீதத் தள்ளுபடி தருவது வழக்கம். அதற்காகவே காத்திருந்து சேலையும் வேட்டியும் போர்வையும் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். தேங்கிய துணி விற்றுத் தறி நிற்காமல் ஓட வேண்டும் என்பதே அந்தத் தள்ளுபடியின் நோக்கம். அதில் வாங்குகிறவருக்கும் லாபம், நெய்தவருக்கும் லாபம்.

பெரிய அங்காடிகளில் ஜூலையிலும் ஜனவரியிலும் தொங்கவிடப்படும் "50 சதவீதம், 70 சதவீதம்" பலகைகள் அந்த ரகம் அல்ல. ஆடையில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச விலையை முடிவு செய்பவர் அதைத் தயாரித்து விற்கிறவரே. 1,500 ரூபாய்க்கு விற்க நினைக்கும் சட்டையில் 4,000 என்று அச்சிட்டுவிட்டு, பிறகு பெருந்தன்மையாக 2,500 ரூபாயைக் குறைத்துக் காட்டலாம். 4,000 ரூபாய்க்கு அந்தச் சட்டை ஒரு நாளாவது விற்றதா என்பதை வாங்குகிறவர் அறிய வழியில்லை. சில நிறுவனங்கள் தள்ளுபடிக் கடைகளுக்கென்றே மெல்லிய துணியில் தனியாகத் தைத்து அனுப்புவதும் உண்டு. பெயர் அதேதான், சரக்கு வேறு.

எல்லாத் தள்ளுபடியும் ஏமாற்று என்பதல்ல இதன் பொருள். பருவம் முடிந்ததும் மிஞ்சிய அளவுகளையும் நிறங்களையும் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவது கடைக்காரருக்கு உண்மையாகவே தேவைப்படும் காரியம். பொறுத்திருந்து வாங்குகிறவருக்கு அதில் நல்ல சரக்குக் கிடைக்கும். குறைத்த தொகை எவ்வளவு என்பதை மறந்துவிட்டு, "இந்தத் துணிக்கு, இந்தத் தையலுக்கு, இந்த விலை தகுமா?" என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆலை நின்ற இடத்தில் அங்காடி

லோயர் பரேலில் 1905இல் தொடங்கிய பீனிக்ஸ் மில் இருந்தது. அந்த இடத்தில் இன்று நிற்பது, வெளிநாட்டுப் பெயர் பொறித்த ஆடைகளை விற்கும் வணிக வளாகம். 1982 ஜனவரி 18ஆம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் மும்பை ஜவுளித் தொழிலாளர் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன்பின் பல ஆலைகள் திறக்கவே இல்லை.

ஆலைகள் ஓடிய நாளில் மில் துணிக் கடையில் கட் பீஸ் வாங்கி, தெருமுனைத் தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துப் போடுவதே தொழிலாளியின் வழக்கம். துணி சாதாரணம்தான், ஆனால் சட்டை அவன் உடம்புக்கென்றே தைத்தது. இன்று நூறு பேருக்கு ஒரே அச்சில் வெட்டிய ரெடிமேட் சட்டையைப் பெயருக்காக இரண்டாயிரம் கொடுத்து வாங்கி, தோள் தொங்க, கை நீள, அப்படியே மாட்டிக்கொண்டு போகிறார்கள். முன்பு ஏழைக்கும் கிடைத்த அந்தச் சௌகரியம் இப்படித்தான் கைவிட்டுப் போயிற்று.

ஆடையை வடிவமைத்தவரின் பெயருக்கு விலை கொடுக்கும் வழக்கம் இந்நகரில் மிகப் பழையதல்ல. பல வடிவமைப்பாளர்களின் ஆடைகளை ஒரே கூரையின்கீழ் விற்கும் இந்தியாவின் முதல் கடையான 'ஆன்சாம்பிள்' 1987இல் கோட்டைப் பகுதியில் லயன் கேட் அருகே திறக்கப்பட்டது. அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில், ஆசாத் மைதானத்தை ஒட்டி, ஃபேஷன் ஸ்ட்ரீட்டின் சிறு கடைகள் வரிசையாக நிற்கின்றன. சி.எஸ்.எம்.டி.யிலோ சர்ச்கேட்டிலோ இறங்கும் குமாஸ்தாவுக்கு எட்டுவது இந்த இரண்டாவது இடம்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

திருப்பூர் மூட்டை

இத்தகைய கடைகளில் "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்று சொல்லி விற்பவற்றில் உண்மையானவையும் உண்டு, போலியும் உண்டு. உண்மையானது எப்படி வருகிறது என்று தெரிந்தால் போலியை அடையாளம் காண்பது எளிது.

வெளிநாட்டு நிறுவனம் பத்தாயிரம் பனியன் சட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்தால், ஏற்றுமதியாளர் பத்தாயிரத்தோடு நிறுத்துவதில்லை. சாயம் மாறலாம், ஊசி பட்டு ஓட்டை விழலாம் என்று சில நூறு கூடுதலாக வெட்டித் தைக்கிறார். சரக்கு அனுப்பியபின் அவை மிஞ்சுகின்றன. ஆர்டர் ரத்தானாலோ, கப்பல் தேதி தவறினாலோ மொத்தமுமே தேங்கும். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூரில் பல ஆர்டர்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. இப்படி மிஞ்சுபவை காதர்பேட்டை மொத்த வியாபாரிகள் கைக்கு வந்து, அங்கிருந்து மூட்டை மூட்டையாக வெளிமாநிலங்களுக்குப் போகின்றன.

மிச்சச் சரக்கை உள்ளூரில் விற்கும்போது தம் பெயர் அதில் இருக்கக் கூடாது என்று வெளிநாட்டு நிறுவனங்கள் நிபந்தனை விதிப்பது வழக்கம். அதனால்தான் லேபிளை வெட்டிவிடுகிறார்கள். ஆக, முந்நூறு ரூபாய்ச் சட்டையில் பெரிய நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று முழுதாக இருந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். லேபிள் வெட்டுப்பட்டிருப்பது பெரும்பாலும் நேர்மையின் அடையாளம். ஆனால் பிள்ளைகள் செய்வது இதற்கு நேர்மாறு. வெட்டுப்பட்டதை "டூப்ளிகேட்" என்று கேலி செய்கிறார்கள். போலியைப் பெருமையோடு போட்டுக்கொள்கிறார்கள்.

தோள் சரியா?

குறைந்த விலையில் கிடைப்பதைக் கொண்டு கௌரவமாக உடுத்துவதற்குச் சில எளிய வழிகள் உண்டு. நல்ல தையல்காரர் எவரும் அவற்றைச் சொல்லுவார். சட்டையோ கோட்டோ வாங்கும்போது முதலில் தோளைப் பார்க்க வேண்டும். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் வந்து நிற்க வேண்டும். கை நீளத்தைக் குறைக்கலாம், பக்கவாட்டில் பிடித்துத் தைக்கலாம், கீழ் மடிப்பை ஏற்றலாம். தோளைத் திருத்துவது மட்டும் பெரிய வேலை, செலவும் அதிகம். தோள் சரியில்லாத சட்டையை 80 சதவீதத் தள்ளுபடியில் கொடுத்தாலும் விட்டுவிடுவதே புத்தி. பேண்ட்டில் இடுப்பின் பின்தையலைப் பார்க்க வேண்டும். உள்ளே துணி விட்டிருந்தால் பிற்பாடு பிரித்து அகலமாக்கிக்கொள்ளலாம்.

பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். உடலும் கையும் ஒரே சாயமா, எண்ணெய்க் கறை உண்டா, பையின் கட்டம் சட்டையின் கட்டத்தோடு சேர்கிறதா, பொத்தான் காஜா பிரிந்திருக்கிறதா என்று கவனித்தால் ஐந்து நிமிடத்தில் தரம் தெரிந்துவிடும்.

துவைக்கும் குறிப்பையும் படிக்க வேண்டும். வடிவமைப்பாளர் ஆடைகள் பலவற்றில் "டிரை கிளீன் மட்டும்" என்றிருக்கும். பாதி விலைக்குக் கிடைத்த குர்தாவை ஒவ்வொரு முறையும் சலவைக் கடைக்குக் கொடுத்தால் மிச்சம் பிடித்த பணம் சில மாதங்களில் அங்கே போய்விடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும் ஊரில், ஒற்றை அறைக்குள் கொடி கட்டி உலர்த்தும் குடும்பத்துக்குச் சீக்கிரம் காயும் துணியே உகந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இது பொருந்தும். ஜரிகையும் கண்ணாடியும் வைத்த ஆடை லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டி நெரிசலுக்கு ஒரு மாதம் தாங்காது. ஒற்றை நிறக் குர்தா நான்கும், எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும் நல்ல துப்பட்டா இரண்டும் இருந்தால் வாரம் முழுவதும் வெவ்வேறு விதமாக உடுத்தலாம்.

மாதக் கணக்கு

மாதம் 22,000 ரூபாய் கைக்கு வரும் குமாஸ்தா ஒருவரை எடுத்துக்கொண்டால், வாடகையும் சாப்பாடும் ஊருக்கு அனுப்புவதும் போக, உடுப்புக்கென்று ஒதுக்கக்கூடியது மாதம் 800 ரூபாய் இருக்கலாம். ஆண்டுக்கு 9,600. அதில் கருநீலமும் சாம்பல் நிறமுமாக இரண்டு பேண்ட் 1,800 ரூபாய்; வெள்ளை, வெளிர்நீலம், சிறு கட்டம் என ஐந்து சட்டை 2,500 ரூபாய்; தையல்காரருக்குத் திருத்தக் கூலி 700 ரூபாய். மொத்தம் 5,000. ஐந்து சட்டையும் இரண்டு பேண்ட்டோடும் சேருமாறு தேர்ந்தெடுத்தால் பத்து விதமாக உடுத்தலாம். மீதியில் ஒரு ஜோடி நல்ல ஷூவும் தீபாவளித் துணியும் அடங்கும்.

அதே ஆள், "பத்தாயிரம் ரூபாய்க் கோட்டு மூவாயிரத்துக்கு" என்று கண்டு வாங்கி, ஆண்டில் இரண்டு கல்யாணத்துக்குப் போட்டால், ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகிறது. ஐந்நூறு ரூபாய்ச் சட்டையை வாரம் ஒரு முறை வீதம் இரண்டு ஆண்டு போட்டால் ஒரு தடவைக்கு ஐந்து ரூபாய்கூட ஆவதில்லை. எது மலிவு என்று சொல்லத் தேவையில்லை. கோட்டைத் தவணையில் வாங்கியிருந்தால் இன்னும் மோசம். "இப்போது வாங்கு, பிறகு கொடு" என்று செல்போனில் ஆசை காட்டும் கடனுக்கும் ஊர் வட்டிக்கடைக்கும் உள்ள வித்தியாசம், வட்டிக்கடைக்காரரின் முகம் தெரியும் என்பதுதான்.

பில்லையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். "எல்லா வரிகளும் உட்பட" என்று விலை அச்சிட்ட பொருளுக்குத் தள்ளுபடி அறிவித்துவிட்டு, குறைத்த விலையின்மேல் வரியைத் தனியே கூட்டி வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று வாட் வரி காலத்து வழக்கொன்றில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2017இல் கூறியிருக்கிறது. குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். கூச்சப்பட வேண்டியது கேட்பவர் அல்ல.

தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு வேலை

திருப்பூரில் இன்று தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் பெருந்தொகையினர். அவர்கள் தைத்ததை மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழன் உடுத்துகிறான். நடுவில் வெட்டுப்பட்டது ஒரு துண்டு லேபிள். அதனால் அவர்கள் தையலுக்கும் குறைவில்லை, இவன் மதிப்புக்கும் குறைவில்லை.

மும்பைத் தமிழ் அமைப்புகள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாக நடத்துகின்றன. படிப்பு முடித்த பிள்ளைகள் இண்டர்வியூவுக்குப் புறப்படும் ஜூன் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் மண்டபத்தில் இரண்டு தையல்காரர்களை மெஷினோடு உட்கார வைக்கலாம். தாராவியில் தையல்காரருக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் இருக்கும் சட்டையையும் பேண்ட்டையும் எடுத்து வரட்டும். அளவு பார்த்துத் திருத்திக் கொடுக்கட்டும். கூலியைச் சங்கம் ஏற்கட்டும். சால்வைக்கும் மாலைக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதி இதற்குப் போதும். மறுநாள் காலை அந்தப் பிள்ளை அதிகாரியின் முன் போய் நிற்கும்போது, காலரை இழுத்துவிட்டுக்கொண்டு கூனாமல், நிமிர்ந்து நிற்பான்.