கண்ணுக்கு விருந்தாம், கருத்துக்குப் பட்டினியாம்!

சென்ற இதழில் அனிமேஷன் படங்கள் பற்றி எழுதிய நண்பர், பத்துப் பதினைந்து படங்களை வரிசையாக நிறுத்திப் புள்ளி போட்டிருந்தார். அதில் 'பைனல் பேன்டசி: த ஸ்பிரிட்ஸ் விதின்' என்ற விஞ்ஞானப் புனைகதைப் படத்துக்குக் கிடைத்தது ஒரேயொரு வரி. 'கண்ணுக்கு விருந்து, கருத்துக்குப் பட்டினி.' இது நண்பரின் சொந்தச் சரக்கல்ல. 2001 ஜூலையில் அப்படம் அமெரிக்காவில் வெளியானபோதே ஆங்கில விமர்சகர் பலர் வெவ்வேறு சொற்களில் சொன்னதுதான். இருபது வருடங்களுக்கு மேலாகியும் அதே மைக்கூட்டில் பேனையைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம். இந்தத் தீர்ப்பு பிழையானது என்பது என் கட்சி. அதைச் சொல்ல ஆசிரியர் கொஞ்சம் இடம் தரவேண்டும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலம் 2065. விண்கல் ஒன்றோடு வந்திறங்கிய 'பேன்டம்' எனப்படும் உருவங்கள் பூமியின் பெரும்பகுதியைப் பாழாக்கிவிட்டன. அவை அரைகுறையாகவே கண்ணுக்குத் தெரியும். சுவரை ஊடுருவி வரும். மனிதனைத் தொட்டால் அவனது உடலுக்குள்ளிருந்து நீல ஒளியாக உயிரை உருவியெடுக்கும். எஞ்சிய மக்கள் மின்வேலி போன்ற ஒளித்தடுப்புக்குள் நகரங்களை அமைத்து அடைந்துகிடக்கிறார்கள். ஜெனரல் ஹைன் என்ற இராணுவத் தளபதி, விண்வெளியில் நிறுத்தியிருக்கும் 'சீயஸ்' பீரங்கியால் விண்கல் விழுந்த பள்ளத்தைச் சுட்டுப் பொசுக்கவேண்டும் என்கிறான். டொக்டர் சிட் என்ற முதிய விஞ்ஞானியும் அவரிடம் பயின்ற அகி ரொஸ் என்ற பெண்ணும், எட்டு உயிர்களின் அலைகளைத் தேடிச் சேர்த்தால் சுடாமலே இதை முடித்துவைக்கலாம் என்கிறார்கள்.

இதில் ஒரு நடிகர்கூடத் திரையில் தோன்றவில்லை. எல்லா மனிதரும் கணனியில் உருவானவர்கள். அச்சு அசலாக மனிதரைப் போலவே தோன்றும் பாத்திரங்களைக் கொண்டு ஒரு முழுநீளப் படத்தைக் கணனியிலேயே ஆக்கும் முதற் பெருமுயற்சி இதுதான். 'பைனல் பேன்டசி' வீடியோ விளையாட்டுகளை 1987இலிருந்து ஆக்கிவந்த ஹிரொனொபு சகாகுச்சி என்ற ஜப்பானியர், ஹவாயின் ஹொனலுலு நகரில் இதற்கென்றே ஒரு கலையகத்தை அமைத்தார். ஏறத்தாழ 200 பேர், 4 வருடங்கள். அகியின் தலையில் மட்டும் 60,000 முடிகள். படத்தின் ஏறக்குறைய 1,40,000 சட்டகங்களில் ஒவ்வொன்றையும் ஆக்கிமுடிக்க ஒரு கணனிக்குச் சராசரியாக ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. செலவு 137 மில்லியன் டொலர். உலகம் முழுவதிலும் திரையரங்குகளில் கிடைத்ததோ சுமார் 85 மில்லியன்தான். கலையகம் 2002இல் மூடப்பட்டது.

இந்த இலக்கங்களை நான் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. படத்தைப் புகழ்ந்தவர்களும் சரி, இகழ்ந்தவர்களும் சரி, இவற்றுக்கு அப்பால் அதிக தூரம் போகவில்லை. புகழ்ந்தவர்கள் முடியை எண்ணினார்கள். அமெரிக்காவின் பிரபல விமர்சகர் ரொஜர் எபர்ட் நான்கில் மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். அவரையும் முதலில் கவர்ந்தது மனித உருவை ஆக்கிய வித்தைதான். ஆண்களுக்கான சஞ்சிகையொன்று அகியை நீச்சலுடையில் நிறுத்தி அழகிகள் பட்டியலில் சேர்த்தது. படத்தில் அந்தப் பெண் செய்யும் வேலையோ, பாழடைந்த நியூயோர்க்கில் சாகாமல் கிடக்கும் ஒரு சிறு செடியைத் தேடிப்போவது. சஞ்சிகைக்காரர்களுக்கு அது எதற்கு?

இகழ்ந்தவர்கள் கண்ணை நோண்டினார்கள். 'கண்களில் உயிரில்லை, முகம் மெழுகுப் பொம்மை' என்றார்கள். இதற்கு ஆதாரமாக ஜப்பானியப் பேராசிரியர் மசஹிரோ மோரி 1970இல் எழுதிய கட்டுரை இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது. பொம்மையோ இயந்திரமோ மனிதனைப் போல ஆக ஆக நமக்கு அதில் விருப்பம் கூடும். ஆனால் மிகவும் நெருங்கிவந்த ஓரிடத்தில் அது அருவருப்பாக மாறிவிடும் என்பது அவரது கருத்து. நல்ல கருத்துத்தான். ஆனால் மோரி ரோபோ செய்பவர்களுக்காக ஊகத்தில் வரைந்த ஒரு வளைகோடு அது. அளந்து நிறுவிய விதி அல்ல. அதைத் திரைப்படத்துக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டப் பிரிவாக ஆக்கியது விமர்சகர்களின் கைங்கரியம்.

வீடியோ விளையாட்டு ரசிகர்களின் கோபம் வேறு. விளையாட்டில் வரும் மந்திரமும் மாயமும் சவாரிப் பறவையும் படத்தில் இல்லையாம். அவர்களை விட்டுவிடுவோம்.

மூன்றாவதாக ஒரு பயமும் அப்போது கிளம்பியது. நடிகர்களின் தொழில் போய்விடும் என்ற பயம். டொம் ஹேங்ஸ் போன்ற பெரிய நடிகரே கவலை தெரிவித்தார். அகியை ஒரு 'நடிகை'யாக வைத்து வேறு படங்களிலும் நடிக்கவைக்கும் எண்ணம் கம்பனிக்கு இருந்ததால் அது ஆதாரமற்ற பயமல்ல. 2023இல் ஹொலிவூட் நடிகர்கள் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தமது முகத்தையும் உடலையும் கணனியில் பிரதியெடுத்துப் பாவிப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பது முக்கிய கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. ஆனால் 2001இல் பயந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அகிக்குக் குரல் கொடுத்தவர் மிங்-னா வென் என்ற நடிகை. அவளது உடலசைவு ஒரு மனிதப் பெண்ணின் உடலிலிருந்து பதிவு செய்யப்பட்டது. முகபாவங்களைக் கலைஞர்கள் இருந்து கையாலேயே அமைத்தார்கள். மனிதர் இல்லாத படம் என்று எல்லோரும் ஏசிய படத்துக்குள் இருந்த மனிதர்களின் தொகை சாதாரண படமொன்றில் இருப்பதிலும் குறைந்ததல்ல. அவர்களுடைய முகம் தெரியவில்லை, அவ்வளவே.

இனி 'கருத்துக்குப் பட்டினி' என்ற பகுதிக்கு வருகிறேன். என் சண்டை இதில்தான்.

அகி திரும்பத் திரும்ப ஒரு கனவு காண்கிறாள். செந்நிறமான அந்நியக் கிரகமொன்றில் இரண்டு படைகள் மோதுகின்றன. கடைசியில் கிரகமே வெடித்துச் சிதறுகிறது. அந்தச் சிதறலில் ஒரு துண்டுதான் பூமியில் விழுந்த விண்கல். அப்படியானால் பேன்டம்கள் யார்? படையெடுத்து வந்தவர்களா? இல்லை. தமது யுத்தத்திலேயே அழிந்துபோன ஒரு சனத்தின் ஆவிகள். போருக்கு வந்தவர்களல்ல. கிரகம் சிதறியபோது அந்தப் பாறையோடு எறியப்பட்டவர்கள். தாங்கள் இறந்துபோனதை விளங்காமல் கோபத்தோடும் குழப்பத்தோடும் அலைகிறார்கள். சில வருடங்களுக்கு முன் பத்தாந்தர மாணவர்களுக்கு இப்படத்தைப் போட்டுக்காட்டினேன். 'சேர், அப்ப அவங்க மௌத்தாப் போனது அவங்களுக்கே தெரியாதா?' என்று ஒருவன் கேட்டான். தமிழ் சப்டைட்டில்கூட இல்லாத பிரதியில் பார்த்த பையனுக்கு எட்டிய விஷயம் இது.

வேற்றுக்கிரகவாசி வருவான், அழிப்பான், மனிதன் கடைசியில் பெரிய குண்டொன்றைப் போட்டு அவனை அழிப்பான். ஹொலிவூட்டின் வழமையான வாய்ப்பாடு இது. 1996இல் வெளியான 'இன்டிபென்டன்ஸ் டே' அதைக் கொண்டே கோடிக்கணக்கில் உழைத்தது. சகாகுச்சியின் படம் இந்த வாய்ப்பாட்டைத் தலைகீழாக்குகிறது. எதிரியைச் சுடமுடியாது, ஏனெனில் அவன் ஏற்கெனவே செத்தவன். சுடச்சுடக் காயப்படுவது பூமிதான். தன் தாயின் மரணத்துக்குப் பின்னர் உயிரைப் பற்றிய சிந்தனை தன்னைத் தொடர்ந்ததாகச் சகாகுச்சி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நூறு மில்லியனுக்கு மேல் கொட்டி எடுத்த ஒரு கோடைகாலப் படத்தில் இப்படியொரு எண்ணத்தை நடுவில் வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். ஏற்கவேண்டாம், மறுத்தாவது எழுதியிருக்கலாமே. 'முகத்தில் உயிரில்லை' என்று சிரித்தவர்களில், உடலிலிருந்து உயிர் நீல ஒளியாக உருவப்படும் அந்தப் பயங்கரக் காட்சியைப் பற்றிப் பேசியவர் எவரையும் நான் வாசித்தவரையில் காணவில்லை.

இங்கேதான் 'காட்சி வேறு, கதை வேறு' என்ற பிரிப்பு உடைகிறது. அந்த உயிர் உருவப்படும் காட்சி எந்தப் பக்கம்? விருந்தா, பட்டினியா? ஊடே பார்க்கக்கூடிய, மிதந்து வரும், ஒருவகையில் அழகான அந்தப் பேன்டம்களின் உருவமே அவை சதையாலான பிராணிகளல்ல என்பதற்கான துப்பு. கதை சொல்லுமுன் படம் சொல்லிவிடுகிறது. உருவமா உள்ளடக்கமா என்று எம்மவர்கள் ஒரு காலத்தில் பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டார்கள். அன்று அடித்துக்கொண்டவர்கள் நூலை முழுதாக வாசித்துவிட்டாவது வந்தார்கள்!

அப்படியென்றால் படத்தில் குறையே இல்லையா? உண்டு, பெரிய குறை. ஜெனரல் ஹைனின் மனைவியும் மகளும் சான்பிரான்சிஸ்கோவில் பேன்டம்களால் கொல்லப்பட்டவர்கள். சபையைப் பயமுறுத்திச் சம்மதம் வாங்குவதற்காக அவன் நியூயோர்க்கின் தடுப்பில் ஒரு பகுதியைத் திறக்கவைக்கிறான்; சில பேன்டம்கள் மட்டும் வரும் என்று கணக்குப் போடுகிறான்; நகரமே அழிகிறது. பிறகு தன்னையே சுட்டுக்கொள்ள எத்தனித்து, அதையும் விட்டுவிட்டுப் பீரங்கியிடம் போகிறான். ஒரு மனிதனின் துக்கம் கொலையாக மாறும் கதை இது. இதற்குப் படம் ஒதுக்கியது சில நிமிடங்கள். மனைவி, மகள் பற்றி அவன் பேசும் இடம் வந்த வேகத்தில் போய்விடுகிறது. நெருங்கிப் பார்க்கவேண்டிய முகம் படத்தில் ஒன்று இருந்ததென்றால் அது அவனுடையது. அவனோ கறுப்பு அங்கியும் இறுகிய தாடையுமாக வில்லன் வேஷத்தில் நிற்கிறான். செத்த எதிரிகளின் துக்கத்தை அவ்வளவு பொறுமையாக விளங்கிக்கொண்ட படம், உயிரோடிருக்கும் எதிரியின் துக்கத்தைத் தட்டிக்கழித்துவிட்டது.

நானும் 'கதை சரியில்லை' என்ற இடத்துக்கே வந்துவிட்டதாக நண்பர் மகிழவேண்டாம். அவர் சொல்வது, அங்கே ஒன்றுமே இல்லை என்பது. நான் சொல்வது, அங்கே அரிதான ஒன்று இருந்தது, அதைப் பாதி வழிவரை கொண்டுவந்து விட்டுவிட்டார்கள் என்பது. இல்லாத வீட்டுக்கும் கூரை போடாத வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் மேசன் வேலைக்கு மதிப்பீடு எழுதக்கூடாது.

'விருந்து - பட்டினி' வாய்ப்பாட்டின் வசதி என்னவென்றால், படத்தைப் பார்க்காமலே அதைப் போடலாம். 2009இல் 'அவதார்' வந்தபோதும் இதே முத்திரை குத்தப்பட்டது. இனியும் குத்தப்படும். எங்கள் பிள்ளைகள் இப்போது 'கிராபிக்ஸ் நல்லம் சேர், கதைதான் சரியில்ல' என்று பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். எந்தப் படத்தைக் கேட்டாலும் அதுதான் விடை. அந்தக் கதை என்ன என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப்பாருங்கள்.

ஹொனலுலுவில் இருந்த கலைஞர்கள் கலைந்து போவதற்குமுன் இன்னொரு வேலை செய்து முடித்தார்கள். 2003இல் வெளியான 'த அனிமேட்ரிக்ஸ்' தொகுப்பில் வரும் 'பைனல் பிளைட் ஒஃப் த ஒசிரிஸ்' என்ற குறும்படம். அதில் தோலும் முடியும் இன்னும் ஒருபடி தேறியிருக்கிறது. செத்தவர்களைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. சகாகுச்சி அதன்பின் இன்றுவரை வேறொரு முழுநீளப் படத்தை இயக்கவில்லை. வீடியோ விளையாட்டுக்கே திரும்பிப்போனார். நண்பரின் பட்டியலில் இரண்டாம் பதிப்பு வருமானால், அவருடைய படத்துக்கு எதிரே இருக்கும் புள்ளியை அப்படியே விட்டுவிடட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு, பேன்டம்கள் யார் என்று எழுதட்டும்.