டெமோவுக்கு முன்னாடி 'தேவர்சோலை'னு அடிச்சுப் பாருங்க

பைத்தான் டிகின்டர்ல ஒரு ஃபார்ம் செஞ்சிருப்பீங்க: பெயர், ஊர், போன் நம்பர், கீழே ஒரு பட்டன். ஊர்ப் பெட்டியில நம்பர் வரக்கூடாதுன்னு ஒரு செக்கும் இருக்கும். கீ ஈவென்ட்டை பைண்ட் பண்ணி, வர்ற கேரக்டருக்கு 'இஸ்ஆல்ஃபா' பொய்னு சொன்னா 'பிரேக்' ரிட்டர்ன் பண்ற நாலு வரி. பேக்ஸ்பேஸுக்கு மட்டும் விலக்கு. நானும் அப்படித்தான் எழுதினேன்.

இப்போ அதுல, கூடலூர் பக்கத்துல இருக்கிற தேவர்சோலையைத் தமிழ்ல அடிங்க. விண்டோஸோட இன்ஸ்கிரிப்ட் கீபோர்டுல அடிச்சா, பெட்டியில நிக்கிறது 'தவரசல'. எரர் எதுவும் வராது. சத்தமே இல்லாம ஒரு ஊர் பேரு சிதைஞ்சு போகும்.

காரணம் இதுதான். தேவர்சோலை நம்ம கண்ணுக்கு 5 எழுத்து. பைத்தானோட 'லென்' 9னு சொல்லும். யூனிகோடுல 'தே' என்பது 'த' ஒண்ணு, கொம்பு ஒண்ணு. 9ல 5 மெய்யெழுத்துக் குறியீடுகள்; மீதி 4 துணைக்குறிகளும் புள்ளியும். அந்த நாலும் யூனிகோடு கணக்குல 'குறி' வகை. இஸ்ஆல்ஃபா 'எழுத்து' வகையை மட்டும்தான் ஏத்துக்கும்.

இதைத் தமிழோட சிக்கல்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. கீயும் எழுத்தும் ஒண்ணுன்னு நாம நினைச்சதுதான் தப்பு. 1999 சென்னை மாநாட்டை ஒட்டி அரசு தரப்படுத்தின தமிழ்99லயே 'த', அப்புறம் 'ஏ' அடிச்சா 'தே' வரும். 'ஏ' தனியா திரையில நிக்காது. மவுஸ்ல ரைட் கிளிக் பண்ணி பேஸ்ட் பண்ணினா, எந்த எழுத்துக்கும் கீ ஈவென்டே வராது.

அதனால என் கருத்து: எஸ்கேப், என்டர், கன்ட்ரோல்-எஸ் மாதிரி கட்டளைகளுக்கு மட்டும் கீ ஈவென்ட். உள்ளே என்ன எழுதியிருக்குன்னு பார்க்க, 'ஸ்ட்ரிங்வார்'ல ட்ரேஸ் போட்டு, மாறின பிறகு முழு வார்த்தையையும் சோதிங்க. 'யூனிகோட்டேட்டா' சொல்ற வகை எல் அல்லது எம்ல தொடங்கினா அனுமதிங்க. மவுஸுக்கும் இதே நியாயம்தான்: லேபிளுக்கு கிளிக்கை பைண்ட் பண்ணிப் பட்டன் மாதிரி காட்டாதீங்க, டாப் கீயில வர்றவங்களால அதைத் தொடவே முடியாது. நிஜ பட்டனே போதும்.

நாளைக்கு நாம எழுதுறது ஒரு பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓடலாம். தன் ஊர் பேரைத் தப்பில்லாம அடிச்சவங்ககிட்ட 'இது எழுத்தே இல்லை'ன்னு நம்ம கோடு சொல்லக்கூடாது. டெமோவுக்கு முன்னாடி 'ஏபிசி' அடிச்சு டெஸ்ட் பண்ற பழக்கத்தை விடுங்க. உங்க ஊர் பேரைத் தமிழ்ல அடிங்க.